கிடந்ததும் கிடத்தியதும்

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆசிரியர்கள், மாணவர்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆங்கிலத்தில் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து குழப்பும் வினைச்சொற்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். லை - லே, ரைஸ் - ரெய்ஸ், ஸே - டெல், பாரோ - லெண்ட், பிரிங் - டேக் என்று இந்த இணைகள் நீளும். இவற்றைப் பட்டியல் போட்டுத் தரும் கையேடுகளுக்குக் குறைவில்லை. பட்டியலை உருப்போட்ட மாணவர் தேர்வில் கோடிட்ட இடத்தைச் சரியாக நிரப்பிவிடுவார். அடுத்த வாரம் ஒரு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால் பழையபடி தடுமாறுவார். காரணம், அவர் மனத்தில் பதிந்தது சொற்களின் வரிசை. எந்தச் சொல் எந்த வேலையைச் செய்கிறது என்பது பதியவில்லை.

நான் இன்று சொல்ல வந்தது ஒரே விஷயம். இந்த இணைகளில் பெரும்பாலானவற்றைப் பிரித்தறியும் அறிவு தமிழ்ப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வருவதற்கு முன்பே இருக்கிறது. தமிழாக இருக்கிறது. ஆங்கில வகுப்பில் அந்தத் தமிழை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை என்று வருத்தப்படுகிறோம்.

முதலில் லை, லே என்ற இணையை எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலேயர்களையே அதிகம் அலைக்கழித்த இணை இதுதான்.

மருத்துவர் நம்மைப் பார்த்து, அந்தக் கட்டிலில் படுங்கள் என்கிறார். அது லை. செவிலியர் ஒரு கைக்குழந்தையை வாங்கி மேசைமேல் படுக்க வைக்கிறார். அது லே. முதலாவதில் படுப்பவர் தானே படுக்கிறார். இரண்டாவதில் ஒருவர் இன்னொருவரைப் படுக்க வைக்கிறார். நம்மிடம் இதற்கு அச்சாக ஒரு இணை இருக்கிறது: கிட, கிடத்து. இழவு வீட்டுக்குப் போய்வந்தவர் என்ன சொல்கிறார்? 'நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்' என்கிறார். தொட்டிலில் குழந்தையைக் கிடத்தினாள் என்கிறோம். குழந்தை தொட்டிலில் கிடந்தது என்கிறோம். இலக்கணமே படிக்காத பாட்டிகூட இந்த இரண்டையும் மாற்றிச் சொல்வதில்லை. கிடந்தால் லை, கிடத்தினால் லே. பாடம் இவ்வளவுதான்.

தமிழாசிரியர்கள் தன்வினை, பிறவினை என்று நடத்துவது இதைத்தான். ஆடு - ஆட்டு, ஓடு - ஓட்டு, உருள் - உருட்டு, திரும்பு - திருப்பு, அடங்கு - அடக்கு, ஏறு - ஏற்று, எழு - எழுப்பு, வீழ் - வீழ்த்து. ஒரு மெய்யெழுத்து வல்லினமாகிறது, அல்லது இருக்கும் வல்லினம் இரட்டிக்கிறது, அல்லது ஒரு விகுதி வந்து ஒட்டுகிறது. உடனே செயல் தன்னைவிட்டுப் பிறர்மேல் பாய்கிறது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், மெய் வலித்துப் பிறவினையாகும் இந்த முறையை விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார். ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் ஒருவர், நம் வினைச்சொல் வேலை செய்யும் விதத்தைக் கூர்ந்து கவனித்திருக்கிறார்.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இப்படி ஒரு ஒழுங்கு இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பேசப்பட்ட பழைய ஆங்கிலத்தில் கிடப்பதற்கு லிஜ்ஜன், கிடத்துவதற்கு லெஜ்ஜன். உட்கார்வதற்கு சிட்டன், உட்கார வைப்பதற்கு செட்டன். இன்றைய சிட், செட் இரண்டும் அங்கிருந்து வந்தவை. அதற்கும் முந்தைய ஜெர்மானிய மூலமொழியில், பிறவினையாக்குவதற்கென்றே 'யன்' என்ற ஒலியுடைய ஒரு விகுதி இருந்தது. அந்த விகுதி தனக்கு முன்னால் இருந்த உயிரொலியை மாற்றிவிட்டுக் காலப்போக்கில் தேய்ந்து மறைந்தது. விகுதி போய்விட்டது, மாறிய உயிரொலி மட்டும் தங்கிவிட்டது. நம் பிள்ளைகள் லை, லே என்று தலையைப் பிய்த்துக்கொள்வது, மறைந்துபோன அந்தப் பிறவினை விகுதி விட்டுச்சென்ற தடத்தோடுதான்.

இந்தக் குடும்பத்தில் இன்னும் சிலர் உண்டு. ஃபால் என்றால் விழு. மரத்தை வெட்டி வீழ்த்துவதற்கு ஃபெல். எழுவதற்கு ரைஸ், எழுப்புவதற்கு ரெய்ஸ். இந்த ரெய்ஸ் பழைய நார்ஸ் மொழியிலிருந்து, வைக்கிங்குகள் இங்கிலாந்தில் குடியேறிய காலத்தின் வரவாக, ஆங்கிலத்துக்குள் வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது டிரிங்க், டிரெஞ்ச் இணை. டிரிங்க் என்றால் குடி. டிரெஞ்ச் என்றால் ஆதியில் குடிக்கச் செய். இன்று மழையில் தொப்பலாக நனைவதற்குத்தான் அந்தச் சொல்லைப் பெரும்பாலோர் அறிவார்கள். ஆனால் கால்நடை மருத்துவர்கள் ஆட்டின் வாயைத் திறந்து மருந்தை ஊற்றுவதை இன்றும் டிரெஞ்ச் என்றே சொல்கிறார்கள். நாம் அதைப் புகட்டுதல் என்கிறோம்.

இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, பிறகு ஏன் குழப்பம் என்று கேட்பீர்கள். குழப்பம் இறந்தகாலத்தில் வருகிறது. லை என்பதன் இறந்தகாலம் லே. அதாவது, 'நேற்று அங்கே கிடந்தான்' என்பதற்கும் லே. 'குழந்தையைக் கிடத்து' என்பதற்கும் லே. எழுத்திலும் ஒலியிலும் இம்மி வித்தியாசம் கிடையாது. கிடத்தினான் என்பதற்கு லெய்ட் வரவேண்டும். அந்த லெய்டுக்குப் பின்னால் டவுன் வந்தால், பேச்சு வேகத்தில் கடைசி 'ட்' அடுத்த சொல்லின் 'ட'வோடு கலந்து லே டவுன் என்றே காதில் விழும். போதாக்குறைக்கு, பொய் சொல்வதற்கும் லை என்றே ஒரு சொல் இருக்கிறது. அதன் இறந்தகாலம் லைட் என்று ஒலிக்கும். இத்தனையும் ஒரே இடத்தில் வந்து மோதினால் எந்தப் பிள்ளைதான் தடுமாறாது?

ஆங்கிலேயர்களே பதினான்காம் நூற்றாண்டிலிருந்து தடுமாறியிருக்கிறார்கள். லை வரவேண்டிய இடத்தில் லே என்று அன்றே எழுதினார்கள். யாரும் பெரிதாகக் கண்டிக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இலக்கணக்காரர்கள் வந்த பிறகுதான் அது பிழை என்று பள்ளிக்கூடங்களில் ஏறியது. அதற்குப் பிறகும் பைரன் 1818-இல் வந்த சைல்ட் ஹெரால்ட் நான்காம் காண்டத்தில், எதுகைக்காக லை வேண்டிய இடத்தில் லே போட்டிருக்கிறார். பாப் டிலன் 1969-இல் பாடிப் புகழ்பெற்ற 'லே லேடி லே' என்ற பாட்டின் தலைப்பிலேயே அந்த லே உட்கார்ந்திருக்கிறது. ஆகையால் பிள்ளைகளே, இந்த இடத்தில் தவறினால் கூனிக் குறுக வேண்டாம். ஆனால் வேலைக்கான விண்ணப்பத்திலும், மருத்துவக் குறிப்பிலும், தேர்வுத்தாளிலும் திருத்தமாக எழுதத் தெரிந்திருக்க வேண்டும். பைரனுக்குக் கிடைக்கும் சலுகை நமக்குக் கிடைக்காது.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது, வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்து 'எதை?' அல்லது 'யாரை?' என்று கேட்பது. பதில் கிடைத்தால் லே, லெய்ட், லெய்ட். பதில் கிடைக்காவிட்டால் லை, லே, லெய்ன். நாய் திண்ணையில் கிடந்தது: எதைக் கிடந்தது என்று கேட்கவே முடியாது. கோழி முட்டையிட்டது: எதை இட்டது? முட்டையை. இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கி நின்றாலும் கேள்விக்குப் பதில் வந்துவிடுகிறது. அதனால்தான் ஆங்கிலக் கோழி எப்போதும் லே செய்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

ரைஸ், ரெய்ஸ் இணையை நான் மொழிப்பாடமாக மட்டும் பார்ப்பதில்லை. விலை ஏறியது என்பதற்கு ரைஸ். விலையை ஏற்றினார்கள் என்பதற்கு ரெய்ஸ். ஏறியது என்று எழுதும்போது விலை ஏதோ வெயில் ஏறுவதுபோலத் தானாக ஏறிக்கொண்டதாகப் படுகிறது. ஏற்றினார்கள் என்று எழுதும்போது, யார் ஏற்றினார்கள் என்ற கேள்வி உடனே எழுகிறது. ரெய்ஸ் என்ற சொல் தனக்கு ஒரு எழுவாயைக் கேட்டு வாங்குகிறது. நிறுவனமா, அரசா, வியாபாரியா, யாரோ ஒருவர் அந்த இடத்தில் வந்து நிற்கவேண்டும். பத்திரிகைத் துறைக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் இந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள். கட்டணம் ஏறியது என்ற செய்தியும், கட்டணத்தை ஏற்றினார்கள் என்ற செய்தியும் வேறு வேறு செய்திகள்.

இதே சாவியால் திறக்கும் பூட்டுகள் இன்னும் இருக்கின்றன. லேர்ன், டீச் என்றால் கல், கற்பி. ரிமெம்பர், ரிமைண்ட் என்றால் நினைவுகொள், நினைவூட்டு. 'நாளைக்கு எனக்கு ரிமெம்பர் பண்ணுங்க' என்று சொல்பவர், ஊட்ட வேண்டிய இடத்தில் உண்கிறார். லேர்ன் என்ற சொல்லைக் கற்பித்தல் என்ற பொருளிலும் ஆங்கிலேயர் ஒரு காலத்தில் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பஸ்ட்' நாடகத்தில் காலிபன், தனக்கு மொழி கற்பித்தவர்களைச் சபிக்கும் இடத்தில் அப்படித்தான் பேசுகிறான்.

படித்தவர்களும் எழுத்தாளர்களும் சறுக்கும் இணை ஒன்று உண்டு: இம்ப்ளை, இன்ஃபர். பேசுகிறவர் வெளிப்படையாகச் சொல்லாமல் ஒன்றைக் குறிப்பால் தெரிவிப்பது இம்ப்ளை. கேட்பவர் அதைத் தானாகப் புரிந்துகொள்வது இன்ஃபர். ஆங்கில அகராதிகள் இதை விளக்கப் பத்தி பத்தியாக எழுதுகின்றன. தமிழில் சொல்லிப் பாருங்கள்: உணர்த்து, உணர். உணர்த்துபவர் சொல்பவர், உணர்பவர் கேட்பவர். 'அவர் பேச்சிலிருந்து நான் இம்ப்ளை செய்துகொண்டேன்' என்று ஒரு தமிழர் ஆங்கிலத்தில் சொல்லக்கூடும். 'அவர் பேச்சிலிருந்து நான் உணர்த்தினேன்' என்று தமிழில் சொல்ல அவருக்கு வாய் வராது.

ஒரு எச்சரிக்கையும் தேவை. தமிழ் பிரிக்கும் எல்லாவற்றையும் ஆங்கிலம் பிரிப்பதில்லை. கண்ணாடி உடைந்தது, கண்ணாடியை உடைத்தான். கம்பி வளைந்தது, கம்பியை வளைத்தான். ந்த், த்த் என்ற இரண்டு இடைநிலைகளால் நாம் காட்டும் வேற்றுமைக்கு ஆங்கிலத்தில் சொல்லளவில் அடையாளமே இல்லை. உடைந்ததற்கும் உடைத்ததற்கும் ஒரே பிரேக்தான். வளர் என்ற சொல் இன்னும் நுட்பமானது. குழந்தை வளர்ந்தாலும், உழவர் நெல்லை வளர்த்தாலும் குரோ போதும். தாய் குழந்தையை வளர்த்தால் மட்டும் ரெய்ஸ் வரவேண்டும்.

அடுத்து வா, போ. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கத்தில், செல், வா, தா, கொடு என்ற நான்கு வினைகளை எடுத்துக்கொள்கிறார். தாவும் வாவும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லும் கொடுவும் படர்க்கைக்கு உரியவை என்று வகுக்கிறார். பேசுகிறவன், கேட்கிறவன் இருவரும் ஒரு பக்கம். மற்ற உலகமெல்லாம் மறுபக்கம். ஆங்கிலத்தின் கம், கோ இரண்டும், பிரிங், டேக் இரண்டும் பெரும்பாலும் இந்தக் கோட்டில்தான் பிரிகின்றன. தொலைபேசியில் அண்ணனிடம், 'உங்க வீட்டுக்கு வரும்போது மாம்பழம் கொண்டு வரேன்' என்கிறோம். அண்ணன் முன்னிலை, ஆகவே பிரிங். அதே அண்ணனிடம், 'அத்தை வீட்டுக்கும் கொஞ்சம் கொண்டு போறேன்' என்கிறோம். அத்தை படர்க்கை, ஆகவே டேக். வா என்று தமிழில் வந்தால் பிரிங், போ என்று வந்தால் டேக். அமெரிக்கப் பேச்சில் இந்தக் கோடு நெகிழ்ந்திருப்பதைத் திரைப்படங்களில் கேட்பீர்கள். எழுதும்போது கோட்டுக்குள் நிற்பது நல்லது.

இதுவரை தமிழ் நேராக வழிகாட்டிய இடங்கள். தமிழே காலை வாரிவிடும் இடங்களும் உண்டு. தமிழில் ஒரு சொல், ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்கள் என்று அமையும்போது பிள்ளை எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளும்.

கேள் என்ற சொல்லைப் பாருங்கள். வினவுவதும் கேட்பது, பாட்டு ரசிப்பதும் கேட்பது, இடி முழக்கம் எட்டுவதும் கேட்பது. ஆங்கிலத்தில் ஆஸ்க், லிஸன், ஹியர் என்று மூன்று. ஆஸ்க் சிக்கலில்லை. ஹியர், லிஸன் இரண்டில்தான் தடுமாற்றம். ஆனால் வீட்டில் பேசும்போது நாமே இதைப் பிரித்துத்தான் பேசுகிறோம். 'நீ கூப்பிட்டது காதுல விழல' என்கிறோம், அது ஹியர். 'நான் சொல்றதைக் கொஞ்சம் காது குடுத்துக் கேளு' என்கிறோம், அது லிஸன். காதில் விழுவது நம் முயற்சி இல்லாமல் நடப்பது. காது கொடுப்பது நாம் விரும்பிச் செய்வது. பார் என்பதும் இப்படியே. கண்ணில் பட்டால் ஸீ. திரும்பிப் பார்த்தால் லுக். கிரிக்கெட்டோ தொடரோ கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் வாட்ச். கேள், பார் என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் நினைத்தால் வழி தெரியாது. நம் வீட்டு மரபுத்தொடரை நினைத்தால் தெரிந்துவிடும்.

வை என்ற சொல்லால் வரும் பிழை நம் நாட்டில் பரவலானது. 'கீப் தி பேக் ஆன் தி டேபிள்' என்று அலுவலகத்தில் பெரிய பதவியில் இருப்பவர்களும் சொல்கிறார்கள். பையை மேசைமேல் வை என்பது புட். வைத்துக்கொள், வைத்திரு என்பதுதான் கீப். 'சில்லறையை நீங்களே வச்சுக்குங்க' என்பது கீப். 'சில்லறையை மேசை மேல வைங்க' என்பது புட். வினைக்குப் பின்னால் கொள் அல்லது இரு சேருமா என்று பாருங்கள். சேர்ந்தால் கீப்.

சொல் என்ற வினைக்குத் தமிழ் வழக்கு அவ்வளவு உதவாது. இங்கே ஆங்கிலத்தின் போக்கையே பார்த்தாக வேண்டும். டெல் என்ற வினை, கேட்பவர் யார் என்பதை உடனே அடுத்துக் கேட்கும். ஸே என்ற வினை, சொல்லப்பட்டது என்ன என்பதைக் கேட்கும். 'ஹி டோல்ட் மி' சரி. 'ஹி ஸெட் மி' பிழை. ஆளைக் கொண்டுவந்தே தீரவேண்டும் என்றால் நடுவில் ஒரு டு போட்டு 'ஹி ஸெட் டு மி' என்று எழுதலாம். 'என்னிடம் சொன்னான்' என்பதில் நாம் வைக்கும் இடம் என்ற உருபுக்கு அந்த டு நிகர். கதை, பொய், உண்மை இந்த மூன்றுக்கும் கேட்பவரைக் குறிப்பிடாமலே டெல் வரும். இதை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பாரோ, லெண்ட் எளிது. கடன் வாங்கினால் பாரோ, கடன் கொடுத்தால் லெண்ட். இந்த நூலகத்தில் நீங்கள் பாரோ செய்கிறீர்கள். நூலகம் லெண்ட் செய்கிறது. ஸ்டீல், ராப் இணையில், திருடப்பட்ட பொருளை ஒட்டி ஸ்டீல் வரும். பறிகொடுத்த ஆளையோ வீட்டையோ ஒட்டி ராப் வரும். நகையைத் திருடினார்கள், வீட்டைக் கொள்ளையடித்தார்கள் என்று நம் செய்தித்தாளும் அப்படித்தான் எழுதுகிறது. டூ, மேக் இரண்டுக்கும் சுருக்கு வழி கிடையாது. புதிதாக ஒன்று உண்டானால் மேக் என்பார்கள். அது பாதி இடங்களில்தான் பொருந்தும். அந்த இணை வாசிப்பில்தான் படியும்.

ஒரே வினை இறந்தகாலத்தில் இரண்டாகப் பிரியும் விந்தையையும் சொல்லிவிடுகிறேன். ஹேங் என்பதற்கு ஹங், ஹேங்டு என்று இரண்டு இறந்தகாலங்கள். சட்டை கொடியில் தொங்கினால், படம் சுவரில் மாட்டப்பட்டால் ஹங். மனிதரைத் தூக்கிலிட்டால் ஹேங்டு. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிட்டார்கள். வரலாற்று விடைத்தாளில் அங்கே ஹேங்டு என்றே எழுதவேண்டும். அவர் படம் பள்ளிச் சுவரில் மாட்டப்பட்டிருப்பதற்கு ஹங். நல்ல எழுத்தாளர்களில் சிலர் இரண்டுக்கும் ஹங் எழுதுகிறார்கள். ஒரு மனிதனின் உயிரைப் பறித்த செயலையும், சட்டை மாட்டிய செயலையும் தனித்தனிச் சொல்லால் எழுதும் வழக்கம் இருக்கும்போது அதைக் காப்பாற்ற வேண்டும் என்பது என் கட்சி.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் வாங்கும் பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளையின் நன்மைக்காகத்தான் செய்கிறோம் என்று அவர்கள் நம்புகிறார்கள். எனக்கு அதில் ஆழ்ந்த வருத்தம் உண்டு. கிட, கிடத்து என்ற இரண்டு சொற்களைக் கரும்பலகையில் எழுதினால் ஐந்து நிமிடத்தில் விளங்குவது, ஆங்கிலத்திலேயே விளக்கினால் ஒரு வாரம் ஆனாலும் விளங்காமல் போகிறது. ஆங்கிலத்தில் நிறையப் பேசவையுங்கள், நிறைய வாசிக்கவையுங்கள். ஆனால் வினைச்சொல் குழம்பும் அந்த ஒரு கணத்தில், 'இதையே தமிழ்ல எப்படிச் சொல்லுவ, தம்பி?' என்று கேட்க அனுமதி கொடுங்கள்.

வகுப்பில் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். அன்றைய தமிழ் நாளிதழின் ஒரு பக்கத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து, அதில் உள்ள பிறவினைகளை எல்லாம் அடிக்கோடிடச் சொல்லுங்கள். ஏற்றினார், வீழ்த்தினார், எழுப்பினார், உணர்த்தினார், நினைவூட்டினார், கற்பித்தார் என்று வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் தன்வினையை எழுதச் சொல்லுங்கள். அந்தச் சிறு பட்டியல் தயாரான பிறகு ஆங்கில நாளிதழைக் கையில் கொடுங்கள். ரைஸ், ரெய்ஸ் எங்கே வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் எழுவாய் யார் என்று அவர்களே தேடட்டும்.

இந்தக் கூட்டத்துக்கு வரும் வழியில் பிள்ளைகள் சிலர், தாங்கள் தடுமாறும் சொற்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் சீட்டில் அஃபெக்ட், எஃபெக்ட் என்று இருக்கிறது. பாதிப்பது அஃபெக்ட், ஒரு மாற்றத்தை விளைவிப்பது எஃபெக்ட். எஃபெக்டுக்கு விளைவி என்ற சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். மீதிச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறேன். எழுதியவர்கள் எழுந்து நின்று கேள்வியை முழுதாகச் சொல்லுங்கள்.